நீலத் தண்ணீரை மேலிருந்து பாருங்கள்: தில்லியின் குவாரி ஏரிகளுக்குப் போகிறவர்களுக்கு

தில்லியின் தெற்கு ஓரத்தில், ஆரவல்லிக் குன்றுகளுக்குள் மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர் கிடக்கிறது என்றால், பல ஆண்டுகளாக இங்கேயே குடியிருக்கும் நம்மவர்கள்கூட முதலில் நம்புவதில்லை. படத்தைக் காட்டினால் அடுத்த கேள்வி தயாராக வரும்: "குளிக்கலாமா டீச்சர்?" குளிக்கக் கூடாது. காலை நனைக்கவும் கூடாது. இதை ஒப்புக்கொண்டவர்களைத்தான் நான் உடன் அழைத்துப் போவேன். இந்தக் கட்டுரையையும் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தெற்கு தில்லிப் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ராமகிருஷ்ணபுரம், முனிர்கா பக்கத்துப் பெற்றோர் சிலரும் வருவதுண்டு. வருகிறவர்கள் அனைவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றே: எங்கே போவது, எப்போது போவது, போய் என்ன பார்ப்பது. மூன்றுக்கும் பதில் சொல்லும் முன், பார்க்கப் போவது எப்படிப்பட்ட நீர்நிலை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, மிகுந்த நீர் வழியக் கலங்கல் உண்டு, மழைநீர் வந்து சேர வரத்துக்கால் உண்டு. மனிதரும் மாடும் இறங்கிப் புழங்குவதற்காகவே உண்டாக்கியது அது. ஓரத்தில் கணுக்கால் ஆழம், பிறகு முழங்கால் ஆழம் என்று தரை மெல்லத்தான் சரியும். குவாரிப் பள்ளமோ கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போவதற்காகத் தோண்டியது. அள்ளியவர்கள் போன பிறகு மழையும் நிலத்தடி ஊற்றும் அதை நிரப்பின. இதில் கரை என்று ஒன்று கிடையாது. பாறைச் சுவர் நேராக நீருக்குள் இறங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

நான் வளர்ந்தது சென்னையை அடுத்த பம்மல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்குட்டை என்ற சொல்லோடேயே ஓர் அதட்டலும் பழக்கம். அதே கல்குட்டைகள்தாம் 2017இலும் 2019இலும் சென்னைக்குக் கைகொடுத்தன. ஏரிகள் வறண்டபோது மாங்காடு அருகே உள்ள சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து நீர் எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஆபத்தும் பயனும் ஒரே பள்ளத்தில் கிடப்பதால்தான் இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒளித்துவைத்தால் ஒருநாள் நம்மிடம் சொல்லாமல் போவார்கள்.

எந்தப் பள்ளம், யார் தோண்டியது

தில்லியில் வீடு கட்டியவர்களுக்குப் 'பதர்பூர்' தெரியும். காரையிலும் பூச்சிலும் கலக்கும் சிவந்த, கரடுமுரடான மணல். குவார்ட்சைட் என்னும் படிகக்கல் பாறை நொறுங்கிச் சிதைந்து உண்டானது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறை அது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜேஎன்யு) வளாகத்தில் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் பெயரால் அழைக்கப்படும் குன்றும் இதே பாறைதான்; துக்ளகாபாத் கோட்டைச் சுவரும் இதே கல்தான். பழைய அரசுக் குடியிருப்பில் வசிக்கிறவர் என்றால், உங்கள் வீட்டுச் சுவரிலேயே கொஞ்சம் பதர்பூர் இருக்க வாய்ப்பு அதிகம். குவாரிக்குக் கிளம்பும் முன் பூச்சு உதிர்ந்த ஒரு மூலையைப் பிள்ளையிடம் காட்டுங்கள். அந்த மணல் வந்த பள்ளத்தைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். பயணம் அங்கேயே தொடங்கிவிடும்.

அந்த மணலையும் கல்லையும் பெருமளவு தந்த இடங்களில் ஒன்று, தில்லியின் தென்கோடியில் பாட்டி (Bhatti) என்னும் ஊரின் சுரங்கங்கள். ஓட் சமூகத்தைச் சேர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வேலை செய்தன. மண் வெட்டுவதும் கழுதைகளில் ஏற்றிச் சுமப்பதும் அவர்களின் பரம்பரைத் தொழில். 1990இல் சுரங்கம் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை அடுத்து அங்கே தோண்டுவது நிறுத்தப்பட்டது. 1986இல் அறிவிக்கப்பட்டிருந்த அசோலா வனவிலங்குச் சரணாலயத்தோடு 1991இல் பாட்டியும் சேர்க்கப்பட்டது. இன்று அசோலா பாட்டி சரணாலயம் சுமார் 32 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 2000 முதல் பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் படைப்பிரிவு ஒன்று அங்கே மரம் நட்டு வருகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்கள் இன்றும் பக்கத்திலேயே சஞ்சய் காலனியில் வாழ்கின்றன. நீலத் தண்ணீரின் அழகைப் பேசும்போது, அந்தப் பள்ளம் யாருடைய கைகளால் ஆனது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் ஒருபோதும் விடாமல் சொல்வது இது.

ஹரியானா பக்கமும் இதே கதைதான். பட்கல் ஏரி, சூரஜ்குண்ட் குளம் இரண்டையும் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தடுத்தது. 2002இலும் 2009இலும் வந்த உத்தரவுகள் ஆரவல்லியில் தடையை விரிவாக்கின. ஆழமாகத் தோண்டிய பள்ளங்கள் நிலத்தடி நீரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. ஓடைகள் வழி மாறின. படகு விட்டுக்கொண்டிருந்த பட்கல் ஏரி வறண்டதற்குச் சுற்றியிருந்த சுரங்கங்கள் ஒரு முக்கியக் காரணம். ஒரு நீர்நிலை காய்ந்துபோக, யாரும் கேட்காத இடங்களில் புது நீர்நிலைகள் பிறந்தன.

எங்கே தொடங்குவது

என் யோசனை, முதலில் தண்ணீர் இல்லாத பள்ளத்துக்குப் போங்கள் என்பதே. வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா ஒரு காலத்தில் அப்பிரகமும் சரளையும் கல்லும் தோண்டிய நிலம். பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் தில்லிப் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் தில்லி வளர்ச்சி ஆணையமும் அதைக் காடாக மீட்டார்கள். வெட்டிய குழிகளை மூடாமல், அவற்றின் நிழலையும் ஈரத்தையும் பயன்படுத்தி ஒன்றில் ஆர்க்கிட், இன்னொன்றில் பெரணி என்று வளர்த்திருக்கிறார்கள். குழிக்குள் இறங்கும்போதே வெயில் தணிந்து காற்று குளிர்வது தோலில் தெரியும். குவாரிச் சுவர் எவ்வளவு செங்குத்து, அடியில் நின்றால் மேலே ஏற எவ்வளவு சிரமம் என்பதைப் பிள்ளைகள் உலர்ந்த இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். முனிர்காவிலிருந்து பக்கம்தான். இதைப் பார்த்த பிள்ளை, பிறகு நீர் நிறைந்த பள்ளத்தின் விளிம்பில் தானாகவே இரண்டடி தள்ளி நிற்கும்.

அடுத்தது அசோலா. வயலட் வழித்தடத்தில் துக்ளகாபாத் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அதன் அருகிலேயே சரணாலய வாசல் இருக்கிறது. நீலி ஜீல் என்னும் ஏரி உள்ளே வெகுதூரத்தில், பழைய சுரங்கப் பகுதியில் இருக்கிறது. வாசலில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள். எந்த வாசல், எந்த வண்டி, எந்த நேரம், எத்தனை பேர் என்பதெல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும்; முந்தைய வாரமே வனத்துறையிடம் கேட்டு அனுமதியை உறுதி செய்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம்.

நீலி ஜீலில் 2022இல் செயற்கை அருவிகள் அமைத்தார்கள். ஏரி நீரையே மேலே ஏற்றிப் பாறையிலிருந்து விழச்செய்கிறார்கள். விழும் நீர் காற்றோடு கலந்து ஏரிக்கு ஆக்சிஜன் சேர்க்கும் என்பது உண்மை. எனக்கென்னவோ அருவி ஓடாத நேரத்தில்தான் அந்த இடம் முழுதாகக் கண்ணில் படுகிறது.

பரிதாபாத் எல்லையில் முட்புதர் வழியாக நுழைந்து போகும் பள்ளங்கள் வேறு இருக்கின்றன. பரத்வாஜ் ஏரியின் படங்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன. உள்ளூர்க்காரர்கள் கூனி ஜீல், அதாவது ரத்த ஏரி என்று ஒரு பள்ளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்; மூழ்கி இறந்தவர்களால் வந்த பெயர். அனுமதியும் காவலும் இல்லாத இந்தப் பள்ளங்களுக்கு யாரையும் நான் அழைத்துப் போவதில்லை, வழியும் சொல்வதில்லை. நண்பர்களோடு போவதாகப் பிள்ளை சொன்னால் எந்த ஏரி, யாருடைய அனுமதி என்று கேளுங்கள்.

நீந்தத் தெரிந்தவரும் ஏன் மூழ்குகிறார்

பெற்றோர் ஒருவர், தஞ்சாவூர்க்காரர், என்னிடம் வாதாடினார். "காவிரியில் நீந்தி வளர்ந்தவன் நான். இது ஓடாத தண்ணீர்தானே, டீச்சர்?" அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

குவாரியைப் படிப்படியாக வெட்டி இறங்குவார்கள். நீர் நிறைந்த பிறகு மேல்படி ஒன்று முழங்கால் ஆழத்தில் மறைந்திருக்கும். இறங்கியவர் ஆழமில்லை என்று நம்பி நடப்பார். நாலாவது எட்டில் படி முடிந்துவிடும், அதற்குக் கீழே பல ஆள் ஆழம். வெளியே ஏறப் பார்த்தால் பிடிமானம் கிடையாது. சில இடங்களில் சுவர் செங்குத்துப் பாறை; சில இடங்களில் கழித்துப்போட்ட சரளைமண் குவியல், கால் வைத்ததும் ஆளோடு சேர்ந்து சரியும். நன்றாக நீந்துகிறவர்கூட ஏறத் தெரியாமல் சோர்ந்துபோவது இங்கேதான்.

அடுத்தது குளிர். மே மாதத்தில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழமான பள்ளத்தில் வெயிலின் சூடு மேலடுக்கோடு நின்றுவிடும். காற்றும் உள்ளே புகுந்து நீரைக் கலக்காது. அடியில் குளிர்காலத்துக் குளிர் அப்படியே தங்கியிருக்கும். மேலிருந்து குதிப்பவர் வெதுவெதுப்பைத் தாண்டிக் குளிருக்குள் போய் விழுகிறார். உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். ஆற்றில் கற்ற திறமை இதற்கு உதவாது. பழைய இரும்புக் கம்பி, அறுந்த கயிறு, மூழ்கிய மரக்கிளை எதுவும் மேலிருந்து தெரியவும் தெரியாது.

யாராவது தவறி விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஓர் உயிரோடு இன்னோர் உயிரும் போகும். தரையில் குப்புறப் படுத்து, புடவையோ வேட்டியோ துப்பட்டாவோ கைக்குக் கிடைத்ததை முடிந்து நீளமாக்கி வீசுங்கள். மிதக்கக்கூடிய எதையாவது, மூடிய காலித் தண்ணீர்ப் பாட்டிலைக்கூட, எறியுங்கள். ஒருவர் 112ஐ அழைக்கட்டும், இன்னொருவர் வனக்காவலரிடம் ஓடட்டும். என் பையில் கனமான நைலான் கயிறு எப்போதும் இருக்கும். எடுத்துப் போவது சிரமம்தான். குழுவை அழைத்துப் போகிறவர் யாராக இருந்தாலும் எடுத்துப் போக வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர் விளிம்பில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார். பிறகு, "சரி டீச்சர், பிள்ளைகளை நான் பின்னால் நிறுத்திக்கொள்கிறேன்" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கடைசியில் நடந்து வரும் பொறுப்பு அவருடையது.

விளிம்பில் நின்று என்ன பார்ப்பது

வேலி இருந்தால் அதற்கு இப்பாலேயே நில்லுங்கள், மேடை இருந்தால் அதன் மேலேயே நில்லுங்கள். இல்லாத இடத்தில், உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். மழைக்குப் பிந்தைய வாரங்களில் இன்னும் தள்ளி. விளிம்பு மண்ணுக்கு அடியில் நீர் அரித்து வெற்றிடமாக்கியிருக்கலாம். மேலே புல் முளைத்திருப்பதால் உறுதியான தரை என்றாகிவிடாது. படம் எடுக்கிறவர் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பின்னால் நகர்ந்தபடி படம் எடுப்பதை என் குழுவில் அனுமதிப்பதில்லை.

முதலில் எதிர்ச்சுவரைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே பாறையில் வெளிறிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பள்ளம் எந்தெந்த உயரம்வரை நிறைந்து பிறகு இறங்கியது என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். மேல்கோட்டுக்கும் இன்றைய நீருக்கும் உள்ள இடைவெளியைச் சுவரில் முளைத்த ஒரு செடியை அளவாக வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். அக்டோபரில் ஒரு முறையும் ஏப்ரலில் ஒரு முறையும் அதே இடத்திலிருந்து படம் எடுத்தால், தில்லியின் நிலத்தடி நீர் ஏறுவதும் இறங்குவதும் கண்முன் தெரியும். குவார்ட்சைட் தன்னுள் நீரை ஊறவிடாத பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் நிற்கும், நடக்கும். சுவரில் கறுத்துக் கசியும் கோடு ஒன்று கண்டால் அது அப்படிப்பட்ட வெடிப்பு. கோடையில் கசிவு நின்றுபோகும். சில சிறு பள்ளங்கள் முற்றிலும் வற்றும்.

பிறகு பாறையில் வெட்டின தடங்களைத் தேடுங்கள். சில முகங்களில் நெடுக்குவாட்டில் பாதிக் குழல்போல ஒரு பள்ளம் மேலிருந்து கீழே இறங்கும், ஓரம் வழவழப்பாக. வெடிமருந்து வைக்கத் துளைத்த துளையின் மிச்சப் பாதி அது. மறுபாதி கல்லோடு வண்டியேறிப் போய்விட்டது. ஒரு மாணவி தொலைநோக்கியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, அடுத்தடுத்து சம இடைவெளியில் இன்னும் பலவற்றைக் கண்டுபிடித்தாள். "மிஸ், அளந்து அளந்து போட்டிருக்கிறார்கள்" என்றாள். ஆமாம், வெயிலில் நின்று யாரோ அளந்துதான் போட்டார்கள்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. குவாரி ஏரியில் ஆறு வந்து கலப்பதில்லை. ஆகவே வண்டல் குறைவு. தெளிந்த, ஆழமான நீர் சிவப்பொளியை விழுங்கிவிட்டு நீலத்தைத் திருப்பியனுப்பும். மழை கொட்டிய கையோடு போனால் சுற்றுமண் கரைந்து செந்நிறமாக இருக்கும். பின்பு பாசி பெருகிப் பச்சையாகும். டிசம்பர், ஜனவரியில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, மேலும் கீழும் கலந்து நிறம் மறுபடியும் மாறும். நீலம் இல்லாத நாளில் போனாலும் பயணம் வீணாகாது. அந்த நிறத்துக்குக் காரணம் கேட்டுப் பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்.

பறவைகளுக்கு அவசரப்படாதீர்கள். பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் தாமாகவே வெளியே வரும். செங்குத்துச் சுவரின் இடுக்குகளில் மாடப்புறாக்களும் தகைவிலான்களும் தங்கும். கொம்பன் ஆந்தைக்கும் இப்படிப்பட்ட பாறை முகம்தான் பிடிக்கும். சுற்றிலும் அடர்ந்து நிற்கும் முள்மரத்தை நம்மவர்கள் பார்த்ததும் அடையாளம் காண்பார்கள்: சீமைக் கருவேலம். இங்கே விலாயதி கீக்கர் என்கிறார்கள். ராமநாதபுரத்தில் செய்ததைத் தில்லியிலும் செய்திருக்கிறது. அதை அகற்றி மண்ணுக்குரிய மரங்களை வளர்க்கும் வேலை மெல்ல நடக்கிறது.

எப்போது, எதோடு

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை போகலாம். நவம்பரில் காற்றின் தரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இருமலுள்ள பிள்ளையை அந்த நாட்களில் கூட்டிப்போக வேண்டாம். ஜனவரிக் காலையில் பனிமூட்டம் நீரையே மறைத்துவிடும், பத்து மணிக்குப் பிறகு போதும். மே, ஜூன் வேண்டவே வேண்டாம்: வெயில் கொளுத்தும் நாளில்தான் தண்ணீரில் இறங்கும் ஆசையும் அதிகமாகும்.

கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். கனமான அடியுள்ள காலணி அவசியம். முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தயிர் சாதத்தை வாசலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் 2007இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பின் தில்லியில் பிடித்த குரங்குகளை இந்தக் காட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும். உணவு கொடுக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பயந்து ஓடாதீர்கள். கல், இறகு, விதை எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சரணாலயத்தில் அதற்கும் அனுமதி இல்லை. வீட்டுப் பெரியவர்கள் வருவதானால் வசந்த் விஹார் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே நடைபாதை நன்றாக இருக்கிறது.

காட்டில் சிறுத்தை இருக்கிறது; தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. பகலில் குழுவாகப் போகிறவர்களுக்கு அதனால் பயமில்லை, இருட்டும்வரை தங்காமல் இருந்தால் போதும். நான்கு மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடுங்கள். அந்தச் சாலையில் மாலையில் காலி ஆட்டோ அரிது. காலையில் இறக்கிவிட்டவரிடமே திரும்பும் நேரத்தைப் பேசி, அவருடைய கைபேசி எண்ணைக் குழுவில் இரண்டு பேராவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் நுழையும் முன்பே குறித்துக்கொள்வது நல்லது.